பால்டர்ஸ் கேட் 3: பகடை நன்றாக உருள்கிறது, கடிகாரம்தான் ஓடவில்லை

லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. ஊரே புகழ்ந்து முடித்துவிட்டது, அதையே திரும்பப் பாட வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச்சோடு பெரிய மாற்றங்கள் ஓய்ந்துவிட்டன. 12 புது சப்கிளாஸ் (பாத்திரம் எடுக்கும் கிளாஸ், அதாவது தொழிலின் உட்பிரிவு), போட்டோ மோடு, கிராஸ்பிளே (வேறு வேறு மெஷினில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடுவது) எல்லாம் அதில் சேர்ந்தன. இப்போது நிதானமாக உட்கார்ந்து எடை போடலாம். ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம், அதன் வடிவமைப்பில் எது ருசி, எது இம்சை என்று பிரித்துக் காட்ட இதைவிடத் தோதான கேம் இல்லை. இரண்டும் இதில் தாராளமாகக் கிடக்கின்றன.

முதலில் பணமும் மெஷினும். ஸ்டீமில் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். கோடை, குளிர்கால விற்பனை வரை பொறுத்தால் கொஞ்சம் இறங்கும். 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் வந்தாலே இறக்க 3 மணி 20 நிமிடம், 40 எம்பிபிஎஸ் என்றால் 8 மணி நேரத்துக்கு மேல். குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 970, 8 ஜிபி ரேம் என்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. காட்பாடி விடுதிகளில் இன்னும் நிறைய பேர் வைத்திருக்கும் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 லேப்டாப்பில் எல்லாவற்றையும் லோவில் வைத்து, சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் போட்டால், கதையின் மூன்று ஆக்ட்டில் (பாகத்தில்) முதலாவதைத் தள்ளிவிடலாம். மூன்றாவது ஆக்ட் திணறும். அங்கே தடுமாறுவது கிராபிக்ஸ் கார்டை விட பிராசஸர்தான், ஏனென்றால் ஒரு முழு நகரத்தின் ஜனங்களும் ஒரே நேரத்தில் நடமாடுகிறார்கள். வீடியோ செட்டிங்கில் டைனமிக் கிரவுட்ஸை அணைத்தால் சற்று மூச்சு விடும். லாஞ்சரில் வல்கன், டைரக்ட்எக்ஸ் 11 என்று இரண்டு வழி உண்டு. ஒன்றில் கிராஷ் ஆனால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

கத்திரி வெயில் மாதத்தில் நம் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றியிருக்கும் பாறை மலைகள் ராத்திரியிலும் சூட்டை விடுவதில்லை. ஏசி இல்லாத அறையில் ஃபிரேம் கேப்பை, அதாவது நொடிக்கு இத்தனை படம் என்ற வரம்பை, 30-இல் வைத்து ஆடுங்கள். முறை போட்டு ஆடும் சண்டை இது. 30-க்கும் 60-க்கும் ஜெயிப்பதில் வித்தியாசம் இல்லை. கேப் இல்லாமல் விட்டால் சூடேறிய லேப்டாப் தானாக வேகத்தைக் குறைத்து, 50-க்கும் 18-க்கும் நடுவில் ஊசலாடும். அதுதான் கண்ணை வலிக்க வைக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகள்தான் அடித்தளம். பூட்டைத் திறப்பது, காவலனை மிரட்டுவது, பொய் சொல்வது, எல்லாமே இருபது முகப் பகடை. தாயக்கட்டையில் தாயம் விழாமல் காய் இறங்காது, எத்தனை வருஷம் ஆடிய கையாக இருந்தாலும் கட்டை அதைப் பார்க்காது. இங்கே உங்கள் அனுபவம் பகடையோடு கூட்டிக்கொள்ளப்படும். 15 தேவைப்படும் இடத்தில் உங்கள் கூட்டல் 5 என்றால், பகடையில் 10 வந்தால் போதும், வாய்ப்பு 55 சதவீதம். கைடன்ஸ் மந்திரம் போட்டால் ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண் சேர்ந்து 67.5 ஆகும். கைடன்ஸுக்குப் பதில் அட்வான்டேஜ் கிடைத்தால், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 80-ஐத் தொடும். இந்தக் கணக்கு திரையிலேயே தெரிகிறது. விளைவு எதுவானாலும் ஏன் என்று புரிகிறது. ஆட்டக்காரருக்குக் காட்டாமல் உள்ளுக்குள் கணக்குப் போட்டு "முடியாது" என்று மட்டும் சொல்லும் கேம்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் 20 விழுந்தால் கட்டாய வெற்றி, 1 விழுந்தால் கட்டாயத் தோல்வி. மேசையில் ஆடும் மூல விதியில் திறன் சோதனைக்கு இது கிடையாது, லேரியன் சேர்த்தது. கூட்டல் 14 வைத்திருக்கும் கைதேர்ந்த திருடன் பத்து கேட்கும் பூட்டில் இருபதில் ஒரு முறை குச்சியை உடைத்துக்கொள்வது வேடிக்கையாக இல்லை, எரிச்சல்தான் வருகிறது. ஆப்ஷனில் கார்மிக் டைஸ் என்று ஒன்று முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருக்கும். தொடர்ந்து மோசமாக விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பகடையை நம்பித்தான் ஆட்டம் என்று நினைப்பவர்கள் முதல் காரியமாக அதை அணைத்துவிடுங்கள்.

கைடன்ஸ் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த மந்திரத்துக்குச் செலவே இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். போடாமல் இருக்கப் பெரும்பாலும் ஒரு காரணமும் இல்லாத ஒன்றை ஒவ்வொரு முறையும் கையால் அழுத்த வைப்பது முடிவெடுக்கும் சுகத்தைத் தராது. அது வெறும் கூலி வேலை.

அதைவிடப் பெரிய குறை, பேச்சை ஆரம்பித்தவர்தான் கடைசி வரை பேச வேண்டும் என்பது. கும்பலில் வாய்ச்சாலகம் உள்ள பார்ட் (பாடகன்) பக்கத்திலேயே நிற்பான். கதவைத் தாண்டியதும் முன்னால் நடந்த முரட்டுப் பார்பேரியனிடம் எதிராளி பேச்சுக் கொடுத்துவிடுவான், கரிஸ்மா (பேசி மயக்கும் திறன்) 8-ஐ வைத்துக்கொண்டு அவன்தான் சமாளிக்க வேண்டும். நான்கு பேர் குழுவின் ஆட்டத்தில் "இரு, நான் பேசுகிறேன்" என்று ஒருவர் குறுக்கே வர வழியில்லாதது ஏன் என்று புரியவில்லை. தற்காப்பாக, முதல் தடவை ஆடுபவர் தன் சொந்தப் பாத்திரத்தையே பேச்சாளியாக வைத்துக்கொள்வது நல்லது. பாலடின், பார்ட், சார்சரர், வார்லாக் நான்கில் ஒன்று. கரிஸ்மா 16-க்குக் குறையக் கூடாது. பாயிண்ட் பிரிக்கும்போது ஒற்றைப்படையில் நிறுத்தாதீர்கள். 14-க்கும் 15-க்கும் ஒரே +2தான், அந்த ஒரு புள்ளி வீண்.

தோற்பதை ருசியாக்குவதில்தான் ஓர் ஆர்பிஜியின் கைப்பக்குவம் தெரியும். 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியம் இதில் இன்றும் முன்னால் நிற்கிறது. அதில் வெள்ளைச் சோதனையில் தோற்றால் திறனில் ஒரு புள்ளி கூட்டிக்கொண்டு திரும்ப வரலாம், சிவப்புச் சோதனை ஒரே ஒரு முறை, தோற்றாலும் கதை வேறு பக்கம் திரும்பிச் சிரிக்க வைக்கும். பால்டர்ஸ் கேட் 3-இல் பேச்சில் தோற்றால் பாதி இடங்களில் நேராகச் சண்டை. அதனால்தான் கை தன்னிச்சையாக எஃப்8-க்குப் போகிறது. எஃப்5-இல் சேவ், எஃப்8-இல் லோடு, நல்ல எண் விழும் வரை உருட்டு. ஆட்டக்காரரைத் திட்டிப் பயனில்லை, தோல்விக்குப் பிறகு சுவாரசியமாக எதுவும் இல்லாத இடத்தில் அவர் வேறென்ன செய்வார்?

சுவாரசியம் இருக்கும் இடங்களில் இந்த கேமுக்கு நிகர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஓர் உதாரணம்: ஸ்பீக் வித் டெட் மந்திரம். பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம். ஆனால் அந்த ஆளைக் கொன்றதே நீங்கள் என்றால் பிணம் உங்களிடம் வாய் திறக்காது. டிஸ்கைஸ் செல்ஃப் போட்டு வேறு முகத்தோடு போய் நின்றால், கொன்றவர்தான் எதிரே நிற்கிறார் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்த டூட்டோரியலும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஆட்டக்காரருக்கு இப்படித் தோன்றும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து, வசனம் எழுதி, குரல் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் கோட்டையை வைத்து யோசித்தால் விஷயம் தெளிவாகும். வேலூர்க் கோட்டையை, சிப்பாய்ப் புரட்சி வெடித்த 1806 ஜூலை 9-10 ராத்திரியை, ஓர் ஆர்பிஜியின் வரைபடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றி அகழி, உள்ளே போக ஒரே வாசல். திப்புவின் பிள்ளைகள் உள்ளே காவலில். சோம்பேறி வடிவமைப்பாளர் கையில் கிடைத்தால் வாசலில் ஒரு காவலன் தலைமேல் ஆச்சரியக்குறியோடு நிற்பான், "அகழியிலிருந்து பத்து முதலைத் தோல் கொண்டு வா, விடுகிறேன்" என்பான். முதலைகள் விட்டிருந்ததாக ஊரில் சொல்வார்களே, அது போதும் அவருக்கு. லேரியன் கையில் கிடைத்தால் குறைந்தது நான்கு வழி இருக்கும். இருட்டில் நீந்திப் போகலாம். வெள்ளை அதிகாரி வேஷம் போட்டு வாசலில் பொய் சொல்லலாம். மதில் மேல் நிற்பவனைப் பின்னாலிருந்து அகழிக்குள் தள்ளலாம். சிப்பாய்களோடு உட்கார்ந்து பேசினால், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் பற்றியும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவைப் பற்றியும் அவர்கள் குமுறுவது காதில் விழும். அதைச் சரியாகத் தொட்டுப் பேசினால் கதவை அவர்களே திறந்துவிடுவார்கள். முதல் ஆக்டின் காப்ளின் முகாம் அச்சு அசலாக இப்படிக் கட்டப்பட்டதுதான். பேசி நுழையலாம், பின்பக்கமாக ஏறிக் குதிக்கலாம், அவர்கள் குடிக்கும் பானையில் விஷம் கலக்கலாம்.

ஆனால் அந்த ராத்திரிக்கு இன்னொரு பக்கம் உண்டு. செய்தி ஆற்காட்டுக்குப் போனது, ஏறத்தாழ 25 கிலோமீட்டர், காலையிலேயே அங்கிருந்த ஆங்கிலேயர் கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து இறங்கிவிட்டது. நேரம்தான் அந்தக் கதையின் முதுகெலும்பு. பால்டர்ஸ் கேட் 3-இல் அந்தக் குதிரைப்படை நீங்கள் வாசல் பக்கம் போகும் வரை ஆற்காட்டிலேயே சேணம் கட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை ராத்திரி தூங்கி எழுந்தாலும் சரி.

இதுதான் இந்த கேமின் ஆதாரப் பிழை. கதையின் முதல் காட்சியிலேயே மூளைக்குள் ஒரு புழு வைக்கப்படுகிறது, சில நாளில் அரக்கனாக மாறிவிடுவீர்கள், ஓடு ஓடு என்று எல்லாரும் அலறுகிறார்கள். புதிதாக ஆடுபவர் நம்பிவிடுகிறார். லாங் ரெஸ்ட், அதாவது முகாமில் ராத்திரித் தூக்கம், எடுத்தால் செத்துவிடுவோம் என்று பயந்து மந்திரம் தீர்ந்த குழுவோடு அரை உயிரில் ஓடுகிறார். உண்மையில் அந்தப் புழுவுக்குக் காலக்கெடுவே இல்லை. மாறாக, தோழர்களின் கதைகள் ராத்திரி முகாமில்தான் நடக்கின்றன, ஒரு ராத்திரிக்குப் பெரும்பாலும் ஒன்று. தூங்காமல் ஓடியவருக்கு அந்தக் காட்சிகள் வரிசையில் தேங்கி, கதை அடுத்த கட்டத்துக்கு நகர்ந்ததும் சில அப்படியே காணாமல் போகும். கதை ஒன்று சொல்கிறது, விதி அதற்கு நேர் எதிரானதற்குப் பரிசு கொடுக்கிறது.

இன்னும் மோசம், சில இடங்களில் மட்டும் கடிகாரம் திடீரென்று ஓடும். தீப்பிடித்து எரியும் வாக்கீன்ஸ் ரெஸ்ட் சத்திரத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால் உள்ளே மாட்டியவர்கள் பிழைக்க மாட்டார்கள். கிரிம்ஃபோர்ஜில் பாறைக்குப் பின்னால் விஷப்புகையில் சிக்கிய நீர் என்பவன் கதையும் அப்படியே. இவை நல்ல வடிவமைப்பு, எரிகிற வீட்டைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால் அதுதானே நடக்கும்? ஆனால் எது ஓடும் கடிகாரம், எது படம் வரைந்த கடிகாரம் என்று முன்கூட்டித் தெரிய வழியில்லை. புதியவர்களுக்கு ஒரு வழிமுறை: கண் முன்னால் யாராவது உயிருக்குப் போராடினால் முடித்துவிட்டுத் தூங்குங்கள், மற்றபடி நடுவில் எடுக்கும் சின்ன ஓய்வான ஷார்ட் ரெஸ்ட் இரண்டும் தீர்ந்ததும் தாராளமாகத் தூங்குங்கள். சாதாரண நிலையில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு 40 உணவுப் புள்ளி, கடினமான டாக்டிஷியன் நிலையில் 80. தட்டுப்பாடு வரவே வராது, வழியெங்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இறைந்து கிடக்கின்றன. குழுவில் பார்ட் இருந்தால் அவர் பாடும் பாட்டால் ஒரு ஷார்ட் ரெஸ்ட் கூடுதல்.

கெட்டவனாக ஆட ஆசைப்படுபவர்களுக்கு (சின்ன ஸ்பாய்லர் உண்டு) ஓர் எச்சரிக்கை. முதல் ஆக்டின் எமரால்டு க்ரோவில் தஞ்சம் புகுந்திருக்கும் டீஃப்லிங்குகளை (கொம்பு முளைத்த இனத்தார்) காப்ளின்களிடமிருந்து காப்பாற்றினால் அதே முகங்கள் இரண்டாவது, மூன்றாவது ஆக்டிலும் வந்து வேலை கொடுக்கும், உதவும், நினைவு வைத்துப் பேசும். காப்ளின் பக்கம் சேர்ந்தால் அந்தக் கதைகள் எல்லாம் வெட்டப்படும், வில், கார்லக், ஹால்சின் ஆகிய மூன்று தோழர்களும் கிடைக்க மாட்டார்கள். பதிலுக்குக் கையில் வருவது மின்தாரா ஒருத்தி. அருமையாக எழுதப்பட்ட பாத்திரம்தான், ஆனாலும் கொடுக்கல் வாங்கல் நியாயமாக இல்லை. தீமையைத் தேர்ந்தெடுக்க விடும் ஆர்பிஜி அந்தப் பாதைக்கும் தனியாகச் சாலை போட வேண்டும். இருக்கிற சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு "உன் முடிவின் விளைவு" என்று சொல்வதில் பாதி சோம்பல்.

சண்டையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மேட்டில் நின்றால் தாக்குதலுக்கு +2, பள்ளத்தில் நின்றால் −2. ஈரமான எதிரிக்கு மின்னலும் பனியும் இரட்டிப்பு அடி, எனவே தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு லைட்னிங் விட்டால் பெரிய பாஸும் ஆட்டம் காணும். முறை வரிசைக்கு இருபது முகத்துக்குப் பதில் நான்கு முகப் பகடை என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. சின்னப் பகடை என்பதால் டெக்ஸ்டெரிட்டியின் (சுறுசுறுப்பின்) கூட்டல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அலெர்ட் என்ற ஃபீட்டின் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) +5 எடுத்தால் முதல் அடி பெரும்பாலும் உங்களுடையது. எதிரியை விளிம்பிலிருந்து தள்ளிவிடுவது ஜாலி, ஆனால் அடியில்லாப் பள்ளத்தில் விழுந்தவனின் சாமானும் அவனோடு போய்விடும். பாஸைத் தள்ளுமுன் யோசியுங்கள். இருபது காப்ளின்கள் ஒவ்வொன்றாக முறை எடுக்கும் சண்டைகள் மட்டும் ஜவ்வாக இழுக்கும். மணிக்கணக்கில் காசு கொடுத்து கேமிங் சென்டரில் ஆடுபவர் அந்த நேரத்தில் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எதிரிகளின் லெவல் உங்களோடு சேர்ந்து ஏறாது என்பது பெரிய நிம்மதி. 2006-இன் ஆப்லிவியனில் நீங்கள் வளர வளர வழிப்பறிக்காரனும் விலை உயர்ந்த கவசம் போட்டுக்கொண்டு வந்து சில்லறைக் காசு கேட்பான், அந்தக் கூத்து இங்கே இல்லை. திரும்பத் திரும்ப முளைக்கும் எதிரிகளும் இல்லை, எனவே எக்ஸ்பிக்காக (அனுபவப் புள்ளிக்காக) அரைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் உச்ச லெவல் 12, மூன்றாவது ஆக்ட் பாதி தாண்டும் முன்பே எட்டிவிடுவீர்கள். மிச்ச நகரம் முழுக்கச் செய்யும் வேலைக்கு வளர்ச்சி என்ற கூலி கிடையாது.

பாத்திரம் கட்டுவதில் அதிகம் பேர் கெடுத்துக்கொள்வது மல்டிகிளாஸில், அதாவது ஒரே பாத்திரத்துக்கு இரண்டு கிளாஸ் கலப்பதில். லெவல் 6-இல் இரண்டு கிளாஸை மூன்று மூன்றாகப் பிரித்தால், கிளாஸ் லெவல் 4-இல் வரும் ஃபீட் இரண்டிலும் கிடைக்காது, 5-இல் வரும் எக்ஸ்ட்ரா அட்டாக்கும் போச்சு. ஒன்றை 5 வரை கொண்டுபோன பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கெட்டுப்போனாலும் கவலை இல்லை, முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்தால் அழித்துப் புதிதாக எழுதலாம். இவ்வளவு மலிவாகத் திருத்திக்கொள்ள விடுவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். நாற்பது மணி நேரம் கழித்துத் தெரியவரும் தவறுக்கு ஆட்டக்காரரை மறுபடி தொடக்கத்துக்கு அனுப்புவதில் என்ன கலை இருக்கிறது?

பை நிர்வாகம் இம்சை. தட்டு, கரண்டி, எலும்பு வரை எடுக்க விட்டுவிட்டு எடைக் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். முகாமில் இருக்கும் தோழரின் பையைத் திறக்கும் வசதிகூட 2023 நவம்பரில் வந்த ஐந்தாவது பேட்ச்சில்தான் கிடைத்தது. எடுக்கும்போதே வலது கிளிக்கில் ஆட் டு வேர்ஸ் போட்டு வையுங்கள், கடைக்காரரிடம் ஒரே அழுத்தில் எல்லாம் விற்கும். உணவை சென்ட் டு கேம்ப்.

தமிழ் எழுத்துரை இல்லை. பழைய பாணி ஆங்கில வசனம் ஏராளம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இப்போதுதான் ஆங்கிலம் பழகுபவர், பேச்சு மொழியில் எழுதப்பட்ட விட்சர் 3-இல் தொடங்கிவிட்டு இதற்கு வருவது நலம்.

சேவ் விஷயத்தில் லேரியனைப் பாராட்ட வேண்டும். 2018-இன் கிங்டம் கம் டெலிவரன்ஸ், நினைத்த நேரத்தில் சேவ் செய்ய ஒரு மதுப்புட்டியைச் செலவழிக்க வைத்தது. கரண்ட் போனால் புட்டியும் போச்சு, ஆட்டமும் போச்சு, பிற்பாடு பேட்ச்சில்தான் சேவ் செய்து வெளியேறும் வழி கொடுத்தார்கள். இங்கே சண்டைக்கு நடுவிலும் எஃப்5 வேலை செய்யும். ஹானர் மோடில் மட்டும் ஒரே சேவ், பின்வாங்க முடியாது, பாஸ்களுக்குக் கூடுதல் தாக்குதல்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அதைத் தொட வேண்டாம். இன்வர்ட்டர் சில நேரம் மாறும் அந்த நொடியிலேயே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சென்டரில் ஆடுபவர்கள் கிளம்பும் முன் ஆப்டேட்டா, லோக்கல், லேரியன் ஸ்டூடியோஸ், பால்டர்ஸ் கேட் 3, பிளேயர்புரொஃபைல்ஸ், பப்ளிக், சேவ்கேம்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே போய் ஸ்டோரி ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பொது அக்கவுண்ட்டில் ஹானர் மோடு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அடுத்து உட்காருபவர் கன்டினியூ அழுத்தி உங்கள் குழுவோடு ஒரு சண்டை தோற்றால், உங்கள் ஹானர் மோடு ஆட்டம் அத்தோடு முடிந்தது.